மார்ஃபின் ஸ்கிரிப்ட்டோட போனா கெமிஸ்ட் ஏன் இத்தனை கேள்வி கேக்கறாங்க, அவங்க பொறுப்பு எதுவரைக்கும்?

கேட்ட கேள்விய முதல்ல சுருக்கமா போட்டுடறேன், மத்தவங்களும் படிப்பாங்க இல்லையா. கேள்வி கேட்ட தங்கச்சி தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்காங்க, அப்பாவுக்கு 71 வயசு, ப்ராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவிடுச்சு, சர்க்கரை உண்டு, கிட்னியும் கொஞ்சம் வீக். ஆஸ்பத்திரியில வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்காங்க. வீட்டுப் பக்கத்துல இருக்கற கெமிஸ்ட்ல ஒரிஜினல் ஸ்கிரிப்ட், அதாவது டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு எங்கன்னு கேட்டு, ஐடி கேட்டு, வேற என்னென்ன மருந்து சாப்பிடறாருன்னு துருவி, டாக்டருக்கு போன் போட்டுப் பேசி, கடைசியில "டோஸ் மாறிடுச்சு, புது ஸ்கிரிப்ட் கொண்டு வாங்க"ன்னு வெறும் கையோட அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க அப்பா வலியில துடிச்சிருக்கார். அதே வாரத்துல பெரியம்மா தலைவலிக்கு சிண்டால் வாங்கப் போனா அவங்ககிட்டயும் பேரு, ஐடி நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டாங்களாம். "எங்களப் பாத்தா போதைக்காரங்க மாதிரியா இருக்கு? இவங்களுக்கு என்ன பொறுப்பு, என்ன அதிகாரம்?" இதான் கேள்வி.

நான் டர்பன்ல பல வருஷமா பார்மசிஸ்ட்டா வேலை பாக்கறேன், ஆஸ்பத்திரி டிஸ்பென்சரியிலயும் இருந்திருக்கேன், கடை கவுண்டர்லயும் நின்னிருக்கேன். உங்க கோபம் நியாயமான கோபம்தான், ஆனா அது தப்பான இடத்துல போயி நிக்குது. அவங்க கேட்ட கேள்வி ஒவ்வொண்ணும் கேக்க வேண்டிய கேள்விதான், ஒண்ணைக்கூட விட்டிருக்கக் கூடாது. தப்பு நடந்தது அதுக்கு அப்புறம், கேள்வி எல்லாம் முடிஞ்சு உங்கள வெறும் கையோட அனுப்பினாங்களே அங்க. ஏன்னா வலி மருந்து விஷயத்துல பார்மசிஸ்ட்டுக்கு ரெண்டு பொறுப்பு இருக்கு, தப்பான ஆள் கையில மருந்து போகாம பாத்துக்கறது ஒண்ணு, வலியில இருக்கற மனுஷனுக்கு மருந்து போயி சேர வைக்கறது இன்னொண்ணு. ரெண்டாவது மொத பொறுப்பவிட ஒரு இம்மி கூட கம்மி கிடையாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல பாத்துடுவோம், அது பெருசா ஒண்ணும் கஷ்டம் இல்ல. இந்த நாட்டுல மருந்தையெல்லாம் ஷெடியூல்னு நம்பர் போட்டுப் பிரிச்சிருக்காங்க, நம்பர் ஏற ஏற கட்டுப்பாடும் ஏறும், 1965ஆம் வருஷத்து 101ஆம் சட்டம் அது. பனடோ மாதிரி பாரசிட்டமால் மாத்திரை சின்ன பாக்கெட்டு எல்லாம் கீழ் ஷெடியூல்ல வரும், சூப்பர்மார்க்கெட்லயே கெடைக்கும். ட்ராமடால்ங்கற வலி மருந்து 5ல வருது. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், பெத்திடின், மெத்தடோன் எல்லாம் 6. 6ஆம் ஷெடியூல்னா ரிப்பீட் கிடையவே கிடையாது, ஒரு தடவை குடுத்தா அதிகபட்சம் 30 நாளைக்கு, அடுத்த மாசம் மறுபடி டாக்டர்கிட்ட போயி புது ஸ்கிரிப்ட் வாங்கணும். எத்தனை மாத்திரைன்னு எண்ணுலயும் எழுதியிருக்கணும் எழுத்துலயும் எழுதியிருக்கணும், 60ன்னு இருக்கறத யாராவது 160 ஆக்கிடக்கூடாது இல்லையா அதுக்காகத்தான். டாக்டர் கையெழுத்து, பிராக்டிஸ் நம்பர், நோயாளியோட பேரு, ஐடி, அட்ரஸ், தேதி எல்லாம் இருக்கணும். வாட்ஸ்அப்ல வந்த போட்டோவ காட்டினா நாங்க மார்ஃபின் எடுத்துக் குடுக்க முடியாது, அதனாலதான் ஒரிஜினல் கேட்டாங்க.

அந்த மருந்து இருக்கற அலமாரி எப்பவும் பூட்டியிருக்கும், சாவி பார்மசிஸ்ட் கையில. ஒவ்வொரு மாத்திரையும் வந்தது போனது யாருக்குப் போச்சு யார் எழுதினாங்கன்னு ஒரு ரெஜிஸ்டர்ல ஏறும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மார்ச் ஜூன் செப்டம்பர் டிசம்பர் கடைசியில, எண்ணிப் பாத்து கணக்கு நேராக்கணும், அந்த ரெஜிஸ்டர அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும். ஒரு மாத்திரை குறைஞ்சாலும் அந்தக் கடையோட பொறுப்பு பார்மசிஸ்ட் பதில் சொல்லணும். உங்ககிட்ட ஐடி கேட்டது இந்தக் கணக்குக்குத்தான், உங்க மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணினது இல்ல. பணக்கார வீட்டுக்காரங்க உம்ஷ்லாங்காவுல இருந்து வந்தாலும் இதையேதான் கேப்போம்.

ஆனா ரெஜிஸ்டரும் பூட்டும் சாவியும் மருந்துப் பாட்டிலத்தான் காப்பாத்தும். அப்பாவ காப்பாத்தறதுக்கு வேற வேலை இருக்கு. எங்க பார்மசி கவுன்சில் விதியில மருந்து குடுக்கறத மூணு கட்டமா பிரிச்சு வெச்சிருக்காங்க. மொத கட்டம் ஸ்கிரிப்ட்ட படிச்சு எடை போடறது, ரெண்டாவது மருந்த எடுத்து எண்ணி லேபிள் ஒட்டறது, மூணாவது வாங்கற ஆளுக்கு விளக்கிச் சொல்றது. ஜனங்க கண்ணுக்குத் தெரியறது ரெண்டாவது மட்டும்தான், அதனால "ஒரு டப்பாவ எடுத்துக் குடுக்க இவ்வளவு நேரமா"ன்னு கோபம் வரும். உண்மையில எங்க படிப்பு எல்லாம் மொத கட்டத்துலயும் மூணாவது கட்டத்துலயும்தான் இருக்கு.

உங்க அப்பா ஸ்கிரிப்ட்டையே எடுத்துப்போம். நீங்க எழுதினத வெச்சு சொல்றேன், எம்எஸ்டிங்கற மெதுவா வேலை செய்யற மார்ஃபின் மாத்திரை 30 மில்லிகிராம் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, நடுவுல வலி வந்தா குடிக்க மிஸ்ட் மார்ஃபின்ங்கற மார்ஃபின் தண்ணி மருந்து, ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்த ட்ராமடாலும் நிறுத்தச் சொல்லாம அப்படியே தொடருது, தூக்கத்துக்கு கிளினிக்ல குடுத்த அல்ப்ரஸோலம் தனியா ஒரு பக்கம். அதோட கிட்னி வீக்கு. இந்த நாலையும் சேத்து வெச்சுப் பாக்கற எந்த பார்மசிஸ்ட்டும் போன எடுக்காம இருக்க முடியாது. மார்ஃபின் உடம்புல கரைஞ்சு வேற பொருளா மாறி கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், கிட்னி சரியா வேலை செய்யலேன்னா அந்தப் பொருள் உள்ளயே தங்கிப் போயி, மொத நாள் நல்லா இருப்பாரு, மூணாவது நாள் எழுப்பினா எழுந்திருக்க மாட்டாரு, மூச்சு மெதுவாயிடும். ட்ராமடாலும் அதே குடும்பத்து மருந்துதான், மார்ஃபின் ஆரம்பிச்சாச்சுன்னா பொதுவா அத நிறுத்திடுவாங்க, சேத்துக் குடுத்தா வலி குறையறத விட மயக்கமும் வாந்தியும்தான் கூடும், வலிப்பு வர்ற ஆபத்தும் உண்டு. அல்ப்ரஸோலமும் மார்ஃபினும் சேர்றது இன்னும் மோசம், ரெண்டும் மூச்ச அடக்கற மருந்து. அமெரிக்காவுல 2016ல அங்கத்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இந்த ஜோடிக்கு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே குடுத்துச்சு, எத்தனையோ பேர் தூக்கத்துலயே போயிட்டாங்கன்னுதான்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு கிளினிக்ல குடுத்த தூக்க மாத்திரை தெரியாது. கிளினிக்குக்கு ஆஸ்பத்திரி மார்ஃபின் தெரியாது. எல்லாம் ஒண்ணா வந்து சேர்ற இடம் கெமிஸ்ட் கவுண்டர் மட்டும்தான், அங்கயும் நீங்க வாயத் திறந்து சொன்னாத்தான் தெரியும். "வேற என்ன சாப்பிடறாரு"ன்னு துருவினாங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்தத் துருவல்தான் உங்க அப்பாவுக்கு அன்னிக்குக் கெடைச்ச பெரிய வைத்தியம்னு நான் நெனைக்கறேன். நாட்டு மருந்து, லேகியம், கஞ்சா எண்ணெய், சாயங்காலம் ஒரு பெக் பிராண்டி, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நம்ம பெரியவங்க கஞ்சா எண்ணெயையும் பிராண்டியையும் மட்டும் வெளிய சொல்ல மாட்டாங்க, எங்களுக்கு அதுல எந்தத் தீர்ப்பும் இல்ல, கணக்குல சேத்துக்கணும் அவ்வளவுதான்.

இப்ப தப்புக்கு வருவோம். டாக்டர் போன்ல டோஸ குறைக்கச் சொல்லிட்டாரு, ட்ராமடால நிறுத்தச் சொல்லிட்டாரு, சரி. புது ஸ்கிரிப்ட் வேணும்கறதும் சரி. ஆனா மணி அப்ப சாயங்காலம், ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போக முடியும், வீட்டுல ஒரு மனுஷன் எலும்பு வலியில படுத்திருக்காரு. இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் அதே சட்டத்துல 22ஏ பிரிவுல ஒரு வழி வெச்சிருக்காங்க, அவசரம்னா தெரிஞ்ச டாக்டர் வாய்மொழியா சொன்னத வெச்சே 48 மணி நேரத்துக்கு மட்டும் போதுமான அளவு 5, 6 ஷெடியூல் மருந்த பார்மசிஸ்ட் குடுக்கலாம், டாக்டர் 72 மணி நேரத்துக்குள்ள எழுத்துல அனுப்பிடணும். குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, குடுக்கலாம்னுதான் சொல்லுது, டாக்டர அந்த பார்மசிஸ்ட்டுக்கு அறிமுகமே இல்லேன்னா தயங்கறதும் புரியுது. அப்படியே தயங்கினாலும் "இன்னிக்கு ராத்திரிக்கு என்ன பண்றது"ங்கற கேள்விய அதே போன்ல டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும். மார்ஃபின் நாளைக்குத்தான்னா வீட்டுல இருக்கற ட்ராமடால இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குடுக்கலாம், பனடோ எவ்வளவு சேத்துக்கலாம், இதக் கேட்டு உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கணும். அது பண்ணாம கதவ காட்டினது பொறுப்பத் தட்டிக் கழிச்சதுதான், அதுல உங்க பக்கம்தான் நான். இனிமே எப்பவாவது இந்த நிலைமை வந்தா நீங்களே கேளுங்க, "48 மணி நேர சப்ளை குடுக்க முடியுமா, இல்லேன்னா இன்னிக்கு ராத்திரிக்கு என்ன வழி, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க"ன்னு. இன்னொண்ணு, சின்ன கடையில 6ஆம் ஷெடியூல் மருந்து எப்பவும் ஸ்டாக்ல இருக்காது, ஹோல்சேல்ல ஆர்டர் போட்டு வரணும், அதனால மாத்திரை தீர அஞ்சு நாள் இருக்கும்போதே போன் பண்ணிச் சொல்லிடுங்க. ஸ்டாக் இல்லேன்னா வேற எந்தக் கடையில இருக்குன்னு போன் பண்ணிக் கேட்டுச் சொல்றது எங்க வேலை, நீங்க நோயாளிய வீட்டுல விட்டுட்டு கடை கடையா அலையக் கூடாது.

சந்தேகம் வந்தா மருந்து குடுக்க மறுக்கற உரிமை பார்மசிஸ்ட்டுக்கு உண்டு, மறுக்க வேண்டிய கடமையும் உண்டு. கள்ள ஸ்கிரிப்ட் நெஜமாவே வருது, ஆஸ்பத்திரியோட ஸ்கிரிப்ட் புக்கையே திருடிட்டு வர்றவங்க இருக்காங்க, ஒரே வாரத்துல நாலு டாக்டர்கிட்ட போயி நாலு ஸ்கிரிப்ட் வாங்கறவங்க இருக்காங்க. அமெரிக்காவுல இத கண்டுக்காம விட்டதுனால என்ன ஆச்சுன்னு உலகமே பாத்துச்சு. 1996ல அங்க ஆக்ஸிகோன்டின் வந்தப்ப அடிமையாகற ஆபத்து ரொம்பக் கம்மின்னு சொல்லி வித்தாங்க, டாக்டர்கள் எழுதித் தள்ளினாங்க, பார்மசியில மூட்டை மூட்டையா எண்ணிக் குடுத்தாங்க. அங்க சட்டத்துலயே இருக்கு, எழுதின டாக்டருக்கு இருக்கற பொறுப்புக்கு ஈடா மருந்து குடுக்கற பார்மசிஸ்ட்டுக்கும் பொறுப்பு உண்டுன்னு, ஆனா வரிசையில நூறு பேர் நிக்கும்போது யாரு நின்னு யோசிச்சாங்க. 2021 நவம்பர்ல ஒஹையோவுல ஒரு ஜூரி மூணு பெரிய பார்மசி செயின்கள பொறுப்பாளின்னு சொல்லிச்சு. 2024ல அந்த மாநிலத்து சுப்ரீம் கோர்ட், அந்த மாதிரி வழக்குக்கு அங்கத்த சட்டத்துல இடமில்லேன்னு சொல்லிடுச்சு, அது சட்ட நுணுக்கம், செத்தவங்க செத்தவங்கதான்.

அதுக்காக அந்தப் பயத்த இங்க கொண்டு வந்து கேன்சர்காரங்க மேல காட்டக் கூடாது. அமெரிக்காவுல நடந்தது மருந்து அளவுக்கு மீறிக் கொட்டினதால வந்த கேடு, ஆப்பிரிக்கா முழுக்க பாத்தா மார்ஃபின் கெடைக்காம வலியோட சாகறதுதான் பெரிய கேடு. இந்தப் பூட்டு சாவிக்கெல்லாம் மூலமான 1961ஆம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தத்தோட முன்னுரையிலயே, வலியப் போக்க இந்த மருந்துகள் இல்லாம முடியாது, அது கெடைக்கறதுக்கு ஏற்பாடு பண்ணியே ஆகணும்னு எழுதியிருக்கு. மறுக்கற பார்மசிஸ்ட் ஏன் மறுக்கறாருன்னு சொல்லணும், டாக்டர்கிட்ட பேசணும், அடுத்து எங்க போறதுன்னு காட்டணும். அதையும் கடைக்கு நடுவுல நாலு பேர் காதுல விழற மாதிரி சத்தமா சொல்லக் கூடாது. தனியா நின்னு பேச ஒரு இடம் ஒவ்வொரு பார்மசியிலயும் இருக்கணும்னு விதி இருக்கு, "உள்ள வந்து பேசலாமா"ன்னு நீங்க கேக்கலாம், கேட்டா மரியாதையா கூட்டிட்டுப் போகணும்.

மூணாவது கட்டம், அதாவது விளக்கிச் சொல்றது. இதுலதான் நம்ம ஜனங்களுக்கு நெறைய நஷ்டம் ஆகுதுன்னு எனக்குத் தோணுது. லேபிள் இங்கிலீஷ்ல இருக்கும், படிக்கற பேத்தி ஸ்கூலுக்குப் போயிருப்பா, தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஒரு தலையாட்டலோட முடிஞ்சு போகும். "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, அதனால நான் அப்படிக் கேக்கறதே இல்ல, "வீட்டுக்குப் போயி எப்படிக் குடுப்பீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க"ன்னு கேப்பேன். அப்பத்தான் கோளாறு வெளிய வரும்.

மிஸ்ட் மார்ஃபின்ல வர்ற பெரிய கோளாறு மில்லிகிராமும் மில்லிலிட்டரும் குழம்பறது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கலக்கற மருந்தோட அடர்த்தி மாறும், போன தடவை 5 மில்லி குடுத்தோம் அதே மாதிரி இந்தத் தடவையும்னு குடுத்தா பாட்டில் வேற அடர்த்தியா இருக்கலாம், டோஸ் ரெண்டு மடங்கு நாலு மடங்குன்னு போயிடும். லேபிள்ல ரெண்டும் எழுதியிருக்கணும், இத்தனை மில்லிகிராம், அதாவது இந்த பாட்டில்ல இத்தனை மில்லி. டீ ஸ்பூன்ல அளக்காதீங்க, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு கேளுங்க, எந்தக் கோடுன்னு பேனாவால அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்க. பொதுவா நடுவுல குடிக்கற டோஸ் அந்த நாளோட மொத்த மார்ஃபின்ல ஆறுல ஒரு பங்கு மாதிரி இருக்கும், உங்க அப்பாவுக்கு கிட்னி காரணமா டாக்டர் இன்னும் குறைச்சும் போட்டிருக்கலாம், இன்னும் தள்ளித் தள்ளியும் குடுக்கச் சொல்லியிருக்கலாம், அவர் சொன்னதுதான் கணக்கு.

எம்எஸ்டி மாத்திரைய உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பொடி பண்ணி கஞ்சியில கலந்து ஊட்டக் கூடாது. இத எத்தனை தடவை சொன்னாலும் போதாது, ஏன்னா முழுங்க முடியாத பெரியவங்களுக்கு எல்லா மாத்திரையும் நசுக்கிக் குடுக்கறது நம்ம வீட்டுப் பழக்கம். 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கசியற மாதிரி செஞ்ச மாத்திரைய நசுக்கினா மொத்தமும் ஒரேடியா இறங்கும். முழுங்க முடியலேன்னா சொல்லுங்க, டாக்டர்கிட்ட பேசி வேற வழி பாப்போம். தோல்ல ஒட்டற பேட்ச் எழுதினாங்கன்னா அதுக்கு வேற கவனம் வேணும், ஃபென்டனில் பேட்ச் சாதாரணமா மூணு நாளைக்கு ஒண்ணு, ஒட்டின இடத்துல ஹாட் வாட்டர் பேக் வெச்சாலோ கடும் ஜுரம் வந்தாலோ மருந்து வேகமா ஏறிடும், கழட்டின பேட்ச்லயும் நெறைய மருந்து மிச்சம் இருக்கும், பசை உள்பக்கமா வர்ற மாதிரி மடிச்சு பத்திரமா வெச்சு கெமிஸ்ட்டுக்கே கொண்டு வந்துடுங்க.

அப்புறம் மலச்சிக்கல். மார்ஃபினோட வர்ற வாந்தியும் தூக்கக் கலக்கமும் சில நாள்ல, மிஞ்சிப்போனா ஒரு வாரம் பத்து நாள்ல தணிஞ்சுடும், மலச்சிக்கல் மட்டும் தணியாது, மருந்து இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும். அதனால மொத நாள்ல இருந்தே மலம் இளக்கற சென்னாவோ லாக்டுலோஸோ சேத்துக் குடுக்கணும். ஸ்கிரிப்ட்ல அது இல்லேன்னா பார்மசிஸ்ட்தான் கேக்கணும், கேக்காம விட்டா அது எங்க குறை. நெறைய பேர் வலி தாங்குவாங்க, ஆனா நாலு நாள் வெளிக்குப் போகாம கஷ்டப்பட்டு "இந்த மருந்தே வேண்டாம்"னு நிறுத்திடுவாங்க. இசப்கோல் குடுக்கலாம்னு வீட்டுல தோணும், தண்ணி அதிகமா குடிக்க முடியாத படுத்த நோயாளிக்கு அது உள்ள போயி இன்னும் அடைச்சுக்கும், வேண்டாம்.

காவடி விரதம் வர்றப்ப மாத்திரைய நிறுத்திடற பழக்கம் ஒண்ணு இருக்கு, பத்து நாளும் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னு மருந்தையும் சேத்து விட்டுடுவாங்க. மார்ஃபின தொடர்ந்து எடுத்துக்கற உடம்பு சட்டுன்னு நிறுத்தினா வேர்த்து நடுங்கி வயித்தால போயி வலி பல மடங்கா திரும்பி வரும். முருகனுக்கு நேந்துக்கிட்டவங்க மருந்த தண்ணியில முழுங்கினா விரதம் கெட்டுப்போகாதுன்னு நான் முழுசா நம்பறேன், கோயில் ஐயர்கிட்ட கேட்டாலும் அதத்தான் சொல்லுவார்.

வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டாங்கன்னு அதுக்கும் வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. தங்கச்சி, நீங்க சாட்ஸ்வொர்த்ல இருக்கீங்க, சுகர்ஸ்ங்கற போதைப்பொருள் நம்ம தெருக்கள்ல என்ன பண்ணிச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். 2005 வாக்குல ஆரம்பிச்சு எத்தனை வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கு மொதக்கொண்டு காணாமப் போச்சு, அது ஹெராயின் கலந்த சரக்குதான், மார்ஃபினும் அதே வம்சம். அந்தப் பழக்கம் இருக்கற பிள்ளை ஒண்ணு அந்த வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இருந்தா தாத்தாவோட மாத்திரை நிக்காது, தாத்தாவுக்கு வலி, பிள்ளைக்கு உயிர் ஆபத்து, ரெண்டும் ஒண்ணா நடக்கும். சின்னக் குழந்தைங்க இருந்தா அதவிடப் பயம், ஒரே மாத்திரை ஒரு குழந்தையக் கொன்னுடலாம். சமையக்கட்டு அலமாரியிலயோ சாமி ரூம்லயோ வெக்காதீங்க, பூட்டற பெட்டியில வெச்சு, எத்தனை மாத்திரை மிச்சம்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. எழுப்பினா எழுந்திருக்கல, மூச்சு ரொம்ப இடைவெளி விட்டு வருது, கொர்ருன்னு சத்தம், உதடு நீலம், கண்ணுப் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா யோசிக்காம 10177க்கு போன் போடுங்க, செல்போன்ல இருந்துன்னா 112. யாராவது தப்பா முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தா விஷத் தகவல் லைன் 0861 555 777, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

இப்ப பெரியம்மா விஷயம். சிண்டால்ல பாரசிட்டமால், கஃபீனோட கோடீனும் இருக்கு. கோடீன் உடம்புக்குள்ள போனதும் கொஞ்சம் மார்ஃபினா மாறித்தான் வேலையே செய்யுது, அந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேற, சிலருக்கு ஒண்ணுமே ஆகாது, சிலருக்கு ரொம்ப வேகமா மாறி ஆபத்தாயிடும், அதனாலதான் 12 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கும் பால் குடுக்கற தாய்க்கும் வேண்டாம்னு சொல்றோம். இந்த நாட்டுல ஸ்கிரிப்ட் இல்லாம வாங்கக்கூடிய கோடீன் மாத்திரைக்கு அளவு வெச்சிருக்காங்க, ஒரு மாத்திரையில 10 மில்லிகிராமுக்கு மேல கூடாது, ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமுக்கு மேல கூடாது, பாக்கெட் அஞ்சு நாளைக்கு மேல போகக் கூடாது, சிரப்னா பாட்டில் 100 மில்லிக்கு மேல கூடாது. ரெண்டாம் ஷெடியூல் மருந்து யாருக்குப் போச்சுன்னு பதிவு பண்ணியே ஆகணும். ஸ்கூல் பிள்ளைங்க இருமல் சிரப்ப கூல்டிரிங்க்ல கலந்து லீன்னு குடிக்கற பழக்கம் பரவினதுல இருந்து கண்ணு இன்னும் அதிகமா இருக்கு, இருக்கத்தான் வேணும்.

ஆனா பெரியம்மாவப் பத்தி எனக்கு இருக்கற கவலை லீன் இல்ல. "மாசத்துக்கு ரெண்டு மூணு பாக்கெட் வாங்குவாங்க, வருஷக் கணக்கா தலைவலி"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கோடீன் கலந்த மாத்திரைய மாசத்துல பத்து நாளைக்கு மேல தொடர்ந்து எடுத்தா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கும், காலையில எழுந்ததும் வலி, மாத்திரை போட்டா போகும், சாயங்காலம் திரும்பி வரும், மறுபடி மாத்திரை. இதோட பாரசிட்டமால் கூடிக்கூடிப் போயி ஈரலுக்கு ஆபத்து, வேற ஏதாவது சளி மாத்திரையிலயும் பாரசிட்டமால் இருந்து ரெண்டும் சேர்ந்தா நாளைக்கு 4 கிராம்ங்கற எல்லைய சுலபமா தாண்டிடும். மைப்ரோடால் மாதிரி ஐபுப்ரோஃபென் சேந்த கோடீன் மாத்திரைய நாள் கணக்கில்லாம எடுத்து வயித்துல புண்ணு வந்து ரத்தம் கசிஞ்சு வர்றவங்களையும், பொட்டாசியம் இறங்கி கை கால் தூக்க முடியாம வர்றவங்களையும் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். இவங்க யாரும் போதைக்காரங்க இல்ல, குடும்பத்தத் தூக்கிச் சுமக்கற அம்மாக்களும் பெரியம்மாக்களும்தான், தலைவலின்னு படுக்க நேரமில்லாம மாத்திரை போட்டுக்கிட்டு நிக்கறவங்க. கெமிஸ்ட் பேர எழுதிக்கிட்டதோட விட்டது போதாது, "எத்தனை நாளா வலி, பிரஷர் பாத்தீங்களா, கண்ணு பாத்தீங்களா"ன்னு உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும், டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். பெரியம்மாவ கூட்டிட்டுப் போங்க, மாத்திரைய வீட்டுல நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, எப்படிக் குறைக்கறதுன்னு டாக்டர் சொல்லுவார்.

கடைசியா நீங்க ஓரத்துல கேட்டிருந்த கேள்வி, எனக்கு அதுதான் பெரிய கேள்வியா பட்டுச்சு. "மார்ஃபின் ஆரம்பிச்சா அப்பா அடிமையாயிடுவாரா, மார்ஃபின் குடுத்தாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமா?" ரெண்டுக்கும் இல்லேன்னுதான் பதில். உடம்பு மருந்துக்குப் பழகறது வேற, மனசு மருந்துக்காக அலையறது வேற. கேன்சர் வலிக்கு டாக்டர் பார்வையில சரியான அளவுல எடுத்துக்கறவர் உடம்பு பழகும், வேண்டாம்னு ஆனா மெதுமெதுவா குறைச்சு நிறுத்தலாம், கதிர்வீச்சு வைத்தியத்துல எலும்பு வலி குறைஞ்சு மார்ஃபின் டோஸ் இறங்கினவங்க உண்டு. வலி அடங்கினா மனுஷன் தூங்குவாரு, சாப்பிடுவாரு, வாசல்ல உக்காந்து பேசுவாரு, அதுக்குத்தான் மருந்து. சாவு நெருங்கினாத்தான் மார்ஃபின்னு நம்ம வீடுகள்ல ஒரு பயம் ஊறியிருக்கு, அதனால டோஸ ஒளிச்சு வெக்கறாங்க, பாதி குடுக்கறாங்க, "தாங்க முடியாதப்ப மட்டும்"னு தள்ளிப் போடறாங்க. எம்எஸ்டி அப்படிக் குடுக்கற மருந்து இல்ல, மணி பாத்து காலையும் ராத்திரியும் வலி வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும், அப்பத்தான் கம்மி மருந்துலயே வலி அடங்கி இருக்கும். எந்த நேரம் எவ்வளவு குடுத்தீங்க, வலி பத்துக்கு எத்தனை, வெளிக்குப் போனாரா, எவ்வளவு தூங்கினாருன்னு அந்த நோட்டுலயே எழுதி ஒவ்வொரு மாசமும் டாக்டருக்கும் கெமிஸ்ட்டுக்கும் காட்டுங்க. சாட்ஸ்வொர்த்லயே ஹாஸ்பிஸ் இருக்கு, அங்க பேசிப் பாருங்க, வீட்டுல வெச்சு பாக்கறவங்களுக்கு என்ன துணை கெடைக்கும்னு சொல்லுவாங்க, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

டோஸ் மாறி மிச்சமான மாத்திரை, பழைய பாட்டில், அந்த நிறுத்தின ட்ராமடால், எதையும் வீட்டுல சேத்து வெக்காதீங்க, டாய்லெட்லயும் குப்பையிலயும் போடாதீங்க, பக்கத்து வீட்டு மாமாவுக்கு முதுகு வலின்னு எடுத்துக் குடுக்கவே குடுக்காதீங்க. கெமிஸ்ட்கிட்ட கொண்டு வந்து குடுத்துடுங்க, நாங்க அனுமதி வாங்கி சாட்சி வெச்சுத்தான் அத அழிப்போம். அடுத்த தடவை ஸ்கிரிப்ட்டோட போறப்ப அப்பாவோட எல்லா மருந்து டப்பாவையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, கிட்னி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தா அதையும் சேத்துக்கங்க. சென்னாவோ லாக்டுலோஸோ ஸ்கிரிப்ட்ல இருக்கான்னு கவுண்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.